என் உடம்புக்குள் மூட்டிய அடுப்பு

என் உடம்புக்குள் ஓர் அடுப்பு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அரியலூரில் ஒரு டாக்டர். அதை என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம் சொன்னார். அப்போது நான் செந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரியும், சம்பளம் வாங்கத் தெரியும், பஸ்ஸில் ஏறி இடம் பிடிக்கத் தெரியும். என் உடம்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லவும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அறையில் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லையாவது பார்ப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இப்போது எடை குறைப்பதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. பச்சைத் தண்ணீரில் குளித்தால் உடம்பு தானாகவே கொழுப்பை எரிக்குமாம், இன்னின்னதைச் சாப்பிட்டால் உள்ளே சூடு கிளம்புமாம் என்று என் வீட்டுக்கு வருகிற சின்னப் பெண்கள் செல்போனைக் காட்டிச் சொல்கிறார்கள். நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார்கள். அதையெல்லாம் நான் அரியலூரிலேயே செய்து முடித்துவிட்டேன். அதற்குக் கூலியாக, ஒழுங்காக அடிக்கத் தெரியாத ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு இன்றுவரை அதற்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைக் கோபமாகத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என்னைக் குண்டாக்கியது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவுக்கு முந்திரி வியாபாரம். ஆண்டிமடத்துப் பக்கம் கொட்டை வாங்கி, உடைக்கக் கொடுத்து, பருப்பை அரியலூர் குடோனில் சேர்த்து வெளியூருக்கு ஏற்றுவார். உடைசல் பருப்பு எங்கள் வீட்டில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். நான் ஒரே பிள்ளை. கொழுகொழுவென்று இருப்பேன். வெளியூர் வியாபாரிகள் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வார். அவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, "என்ன சாப்பாடு போடறீங்க பொண்ணுக்கு" என்று கேட்பார்கள். "நம்ம வூட்டுச் சாப்பாடு அப்படி" என்று அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். அந்த வயதில் என் உடம்பு எங்கள் வீட்டு விளம்பரப் பலகை. நான் வயசுக்கு வந்து சில வருஷங்களில் அதே உடம்பு எங்கள் வீட்டு மானக்கேடாகிவிட்டது. இடையில் நான் எதையும் மாற்றிச் செய்யவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

பெரம்பலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆபீசில் வேலை. அந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாதான் பேசுவார், மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், விழுந்து கும்பிட்டேன். அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணு மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கு. வேல வேற பாக்குது. ஒடம்பு ஒண்ணுதான் கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு. வத்தட்டும். தையில வந்து பாத்து, பூ வெச்சிட்டுப் போறோம்."

வத்தட்டும் என்றார், ஏதோ ஏரியைச் சொல்வதுபோல.

அப்போது ஆவணி. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அப்பாவுக்குச் சந்தோஷம். வேண்டாம் என்று சொல்லாமல் தவணை கொடுத்துவிட்டுப் போனார்களே என்று அவர்கள்மேல் மரியாதையே கூடிவிட்டது. மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு என்னைக் கடைவீதி டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அவர் உண்மையிலேயே படித்த டாக்டர். போலி டாக்டராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மேஜையில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அடுக்கி வைத்திருந்தார். அதில் ஒன்றைப் புரட்டிக்கொண்டே அப்பாவுக்குப் பாடம் எடுத்தார்.

"ஒடம்புல கொழுப்பு ரெண்டு தினுசுங்க. ஒண்ணு வெள்ளை. அது சும்மா கெடக்கும், உங்க குடோன்ல மூட்டை கெடக்கற மாதிரி. இன்னொண்ணு பழுப்பு நெறம். அதுதான் அடுப்பு. சாப்பிட்டதை வாங்கி வாங்கி எரிச்சு சூடாக்கிடும். பச்சக் கொழந்தைக்கு நெறைய இருக்கும். வளர வளர அணைஞ்சு போயிடும். அதைத் திரும்ப மூட்டிவிட்டா போதும், பொண்ணு படுத்துத் தூங்குனாலும் எளைச்சிக்கிட்டே இருக்கும்."

"மூட்ட முடியுங்களா சார்?"

"மாத்திரை இருக்கு. சாப்பாட்டுல கொஞ்சம் பக்குவம் பாத்துக்கணும்."

குடோன் என்ற சொல்லிலேயே அப்பா விழுந்துவிட்டார். எல்லாம் முடிந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகுகூட இதே டாக்டரிடம் போய், பாதியில் நிறுத்தும்படி ஆகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இதை நினைத்தால் மட்டும் எனக்கு இன்னும் காது சிவந்துவிடுகிறது.

அந்தப் பழுப்புக் கொழுப்பு பொய்யில்லை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இருக்கிறது, சூட்டையும் கொடுக்கிறது. எங்கேயோ எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அது. எங்கள் டாக்டருக்கு எலி கிடைக்கவில்லை போலிருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. என் நெஞ்சில் குழாயை வைத்தாரா என்பதே எனக்கு நினைவில்லை. கம்பவுண்டர் இரண்டு விதமான வெள்ளை மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார். தாளில் பெயர் இல்லை. ஒன்று எதற்கு என்று எனக்கே தெரியும். எங்கள் பள்ளி ஆயாவுக்கு மூச்சு இழுப்பு வந்தால் போட்டுக்கொள்வது அதைத்தான். எனக்கு இழுப்பு இல்லையே என்று அப்பாவிடம் கேட்டேன். "டாக்டருக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா" என்றார்.

மாத்திரையோடு பத்தியமும் வந்தது. காலையில் கொள்ளு ரசம், மிளகு கண்ணில் நீர் வரும்படி போட்டது. பால் விடாத காபி. ஒரு கரண்டி சோறு, அதற்கு மேல் இல்லை. தயிர், மோர், நெய், இளநீர் எதையும் தொடக்கூடாது. அடுப்பு எரியும்போது தண்ணீர் ஊற்றுவதுபோல ஆகிவிடுமாம். கடைசியாக, விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால் உள்ளே இருக்கிற அடுப்பு தானே பற்றிக்கொள்ளுமாம். பத்திரிகை போட்ட ஊரில் பனி பெய்யும். இங்கே சுண்ணாம்புக்கல் பூமி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் விடிகாலையில் வெதுவெதுவென்று இருக்கும். டாக்டர் அதற்கும் வழி சொன்னார். அண்டாவில் தண்ணீர் பிடித்து இரவெல்லாம் வாசலில் திறந்து வைக்க வேண்டுமாம். ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய எனக்குச் சளி விடவே இல்லை.

அம்மாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அப்பா சொல்வதை அம்மா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் சூடு என்ற வார்த்தை அம்மாவுக்கு ஆகாது. அம்மாவுக்குச் சூடு என்றால் ஒரே அர்த்தம்தான், கர்ப்பப்பை காய்ந்துபோவது. கல்யாணமாகி ஆறேழு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து என்னைப் பெற்றவள். அந்த வருஷங்களில் சூட்டு உடம்பு, சூட்டு உடம்பு என்று சொல்லிச் சொல்லியே புகுந்த வீட்டில் அவளைப் பொசுக்கியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு தன் மகளுக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான் அவள் கவலை. இதை அப்போது நான் புரிந்துகொண்டிருந்தாலும் என் கோபம் குறைந்திருக்காது.

டாக்டர் ஏற்றுகிற சூட்டை அம்மா இறக்கத் தொடங்கினாள். அப்பா குடோனுக்குக் கிளம்பியதும் ஒரு செம்பு மோர். ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற தூக்கில் மேலே டாக்டர் சொன்ன வேகவைத்த காய் இருக்கும், அடியில் பாலும் தயிரும் விட்டுப் பிசைந்த சோறு இருக்கும். கொள்ளு ரசத்தில் சூடு தெரியக்கூடாது என்று நெய்யை ஊற்றுவாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், தொப்புளில் விளக்கெண்ணெய். வாசல் அண்டாத் தண்ணீரை மட்டும் அவள் முழுமனதாக ஏற்றுக்கொண்டாள். குளிர்ச்சிதானே என்று அதில் வெட்டிவேரையும் போட்டுவைத்தாள்.

"மாத்திரையப் போட்டுக்க, உங்கப்பாவுக்காக. இதக் குடிச்சிடு, உன் வயித்துக்காக" என்பாள். "சூட்டு ஒடம்புல புள்ள தங்காதுடி."

"எனக்காக எதையாவது குடிக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டேன். நான் கேட்டது அவளுக்குப் புரியவில்லை.

உண்மையில் எனக்குப் பசி. அப்படி ஒரு பசி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. மாத்திரை உள்ளே போனதும் வயிறு பிறாண்டும். யார் எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டிருப்பேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, முதலில் எடை பெரிதாக இறங்கவில்லை. அது எப்படித் தெரிந்தது என்றால், அப்பா என்னை நிறுத்துப் பார்த்தார்.

டாக்டரிடம் எடை மிஷின் இருந்தது. ஆனால் அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. தன் குடோன் தராசில்தான் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அங்கே கூட்டிப் போவார். மூட்டை வைக்கிற பலகைமேல் நான் ஏறி நிற்க வேண்டும். பருப்புப் பொறுக்குகிற பெண்கள் நாலைந்து பேர் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள், குனிந்த தலை நிமிராமல் பொறுக்குவார்கள். எடை போடுகிறவர் எப்போதும் மூட்டை எடையை ராகமாக உரக்கச் சொல்லுவார், கணக்கு எழுதுகிறவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக. முதல் ஞாயிறு பழக்கதோஷத்தில் என் எடையையும் அதே ராகத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா அவரை வெளுத்து வாங்கினார். கத்தினது தப்பாம். பெற்ற பெண்ணை மூட்டைத் தராசில் ஏற்றியது தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு நான் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன். அடுத்த ஞாயிறும் ஏற்றினார்.

எடை இறங்கவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொன்னார். "அடுப்பு இன்னும் சரியாப் பத்தல" என்று அவர் மாத்திரையைக் கூட்டினார். மாத்திரை கூடியதைப் பார்த்த அம்மா மோரைக் கூட்டினாள். மோர் கூடியதால் எடை நின்றது. எடை நின்றதால் டாக்டர் இன்னும் கூட்டினார். டாக்டருக்கு அம்மா செய்வது தெரியாது. அம்மாவுக்கு டாக்டர் ஏன் கூட்டுகிறார் என்று தெரியாது. அப்பாவுக்கு எடை ஏன் இறங்கவில்லை என்று தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. "அம்மா தயிர்ச்சோறு குடுக்கறாங்க, இந்த மாத்திரையும் எனக்கு ஒத்துக்கல, ரெண்டையும் விட்டுடறேன்" என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அன்று அம்மாவுக்குத்தான் திட்டு விழுந்தது. மறுநாளிலிருந்து அப்பா எதிரில் நின்று மாத்திரையை விழுங்க வைத்தார், வாயைத் திறந்து காட்டச் சொன்னார். அம்மா இன்னும் ஒளித்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

கடைசியில் மோரை மாத்திரை வென்றது. கார்த்திகையில் இளைக்கத் தொடங்கினேன். ரவிக்கை தொளதொளத்தது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அழகாகிவிட்டாய் என்றார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் இன்று எனக்கு அதிகக் கோபம்.

ஏனென்றால் அதே சமயம் என் நெஞ்சு எனக்குக் கேட்கத் தொடங்கியது. படுத்தால் தலையணைக்குள் யாரோ ஓடுகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே வியர்க்கும். கரும்பலகையில் எழுதினால் கை ஆடும், சாக்பீஸ் உடையும். நான் எழுதிய "ழ"வைப் பார்த்து ஒரு பொடியன் அது என்ன எழுத்து டீச்சர் என்று கேட்டான். பக்கத்து வகுப்பு டீச்சர் எனக்கு நல்ல சிநேகிதி. "என்ன டீச்சர், கை இப்பிடி ஆடுது? மொதல்ல போயி நெஞ்சக் காட்டுங்க" என்றார். அந்த ஊரில் என் நெஞ்சைப் பற்றி முதலில் பேசியவர் அவர்தான்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா டாக்டரிடம் சொன்னார்: "நெஞ்சு படபடங்குதாம்." டாக்டர் சிரித்தார். "அடுப்பு நல்லா எரியுதுன்னு அர்த்தம்" என்றார். அப்பாவும் சிரித்தார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

கோபமும் அப்போதுதான் வந்தது. தட்டைத் தள்ளிவிடுவேன், கதவை அறைந்து சாத்துவேன். "என்னைய ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க" என்று ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் கத்திவிட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்து, "மாத்திரை சூடு தலைக்கேறிடுச்சு, எண்ணெ வெய்யி" என்றார். அம்மா ஓடிப்போய் விளக்கெண்ணெய் கொண்டுவந்து என் உச்சியில் வைத்துத் தட்டினாள். நான் கத்தியதற்கு என்ன காரணம் என்று கேட்கவில்லை. என் கோபம்கூட என்னுடையது இல்லை, கம்பவுண்டர் மடித்துக் கொடுத்தது என்று ஆகிவிட்டது. எண்ணெய் நெற்றியில் வழிய வழிய உட்கார்ந்திருந்தேன். அந்த மாத்திரையை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் அது யாருடையது?

தை பிறந்தது. பொங்கல் முடிந்த வாரம் பெரம்பலூர்க்காரர்கள் வந்தார்கள். இந்த முறை தாம்பாளத்தில் பூவோடு, பழத்தோடு வந்தார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. நான் பட்டுப்புடவையில் எலும்பும் தோலுமாக நின்றேன். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில், சரக்கைச் சொன்ன தேதியில் இறக்கிவிட்ட வியாபாரியின் திருப்தி இருந்தது.

காபித் தட்டை அம்மா என் கையில் கொடுத்தாள். கூடத்துக்குள் நுழைவதற்குள் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டன. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்தேன். காபி தட்டில் கொட்டியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டை வாங்கி வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

"என்னம்மா இது, அனலாக் கொதிக்குது? காச்சலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதறிக்கொண்டு முந்திக்கொண்டாள். "காச்சல்லாம் இல்லீங்க. கொஞ்சம் சூட்டு ஒடம்பு. அவ்ளோதான்."

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. எத்தனையோ வருஷம் தன்னைச் சுட்ட வார்த்தையைத் தன் வாயாலேயே என் தலைமேல் வைத்துவிட்டாள். அவள் முகம் செத்துப்போனது.

"சூட்டு ஒடம்பா" என்றார் அந்த அம்மா. என் கையை மெதுவாக விட்டார். "எங்களுக்கு அவன் ஒரே பையன். வூட்டுல போயி கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோம்."

தாம்பாளத்தின் மேல் துண்டை மூடி, கொண்டுவந்த பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவரையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

இளைத்தால்தான் எடுப்போம் என்றார்கள். சூடேற்றி இளைக்க வைத்தார்கள். சூடாக இருக்கிறாள் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சூட்டைப் பற்றி ஒரே மாதிரி நினைக்கிறவர்கள். ஆவணியிலேயே அம்மா வாயைத் திறந்து, "இது சூடேத்தற மாத்திரைங்க, நாளைக்குப் புள்ள தங்காது, வேணாம்" என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மோராக ஊற்றிச் சொன்னாளே தவிர வாயால் சொல்லவில்லை.

அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. அம்மா இரண்டு நாள் அழுதாள். அப்பா இரண்டு நாள் உம்மென்று இருந்தார். மூன்றாம் நாள் தாளை மடித்து மாத்திரையை நீட்டினார். "பெரம்பலூர் போனா போவுது. தா.பழூர்ல ஒரு எடம் இருக்கு. இப்பதான் ஒடம்பு நல்லா வத்தியிருக்கு. இப்பப் போயி விடக் கூடாது" என்றார். வாயைத் திறந்து காட்டினேன்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை செந்துறை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சு திடீரென்று தாறுமாறாகக் குதித்தது. ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. கம்பியைப் பிடித்திருந்த கை எங்கே போனது என்று தெரியவில்லை. கண் விழித்தபோது பஸ் தரையில் கிடந்தேன். அதே பஸ்ஸில் வருகிற பக்கத்து வகுப்பு டீச்சர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க" என்று டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானமே அப்பா ஒரு கார் பிடித்து என்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். நடுத்தர வயது, குரல் உயராமல் பேசுகிறவர். என் கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் ஆடுவதைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "என்ன மாத்திரை சாப்பிடுது பொண்ணு?" என்று கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து தாள் மடிப்பை எடுத்துப் பெருமையாகக் கொடுத்தார். "நல்ல கைராசியான டாக்டருங்க. பொண்ணு எப்படி எளைச்சிருக்கு பாருங்க" என்றார்.

அந்த டாக்டர் அம்மா மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் இருக்கிற சுரப்பி சரியாகச் சுரக்காதவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை இது என்றார். எனக்கு அது சரியாகச் சுரக்கவில்லை என்று யாராவது ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட ஓர் இழுப்பு மாத்திரை எதற்கு என்று கேட்டார். மாசக் கணக்கில் என் நெஞ்சு இரவும் பகலும் ஓடிக் களைத்துப்போயிருக்கிறது, அது இன்றைக்கே நின்றுபோயிருக்கலாம், இனி அந்த மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்று நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அம்மா கட்டில் காலடியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சொல்லி முடித்ததும் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இத நிறுத்திட்டா திரும்பக் குண்டாயிடுவாளாம்மா?"

அதே மூச்சில் அம்மா காலடியிலிருந்து கேட்டாள். "இவ வயித்துல புள்ள தங்குமாங்க?"

டாக்டர் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் படுத்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை இவர்களில் யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"டாக்டர், நான் பொழைச்சுக்குவேனா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து, என்னிடம் பேசினார். பிழைத்துக்கொள்வேன் என்றார். நெஞ்சு பழையபடி ஒழுங்காக அடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வேலைக்குப் போகலாம், பாடம் எடுக்கலாம், நடக்கலாம் என்றார். பசித்தால் சாப்பிடு என்றார். நான் அழுதேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அப்பா மறுபடியும் கனைத்தார்.

"நாங்க கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்.